கேள்வி – பதில்: யாரும் கேட்காத ஆப்ஷன்கள்

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டுக்காக லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலில் புதிய சிஸ்டம் கால் ஒன்றை (புரோகிராம்கள் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) எழுதி வருகிறோம். பின்னால் தேவைப்படும் என்று சில ஆப்ஷன்களை இப்போதே சேர்க்கச் சொல்கிறார் நண்பர். இன்று யாரும் பயன்படுத்தாதது எதற்கு என்கிறேன் நான். எது சரி?
– வாசகர், மன்னார்குடி

பதில்: ஆப்ஷன்கள் வேண்டாம், அவற்றுக்கான இடம் மட்டும் வேண்டும். ஒவ்வொரு பிட்டும் ஓர் ஆப்ஷனைக் குறிக்கும்படி ஃபிளாக்ஸ் என்று ஓர் ஆர்குமென்ட் (அழைப்புடன் தரும் மதிப்பு) வைத்து, பூஜ்யத்தைத் தவிர வேறு எது வந்தாலும் ‘ஈ-இன்வால்’ (செல்லாத ஆர்குமென்ட்) பிழையைத் திருப்பி அனுப்புங்கள். கர்னலுடன் வரும் வழிகாட்டி ஆவணமும் இதையே சொல்கிறது.

இடம் விடாததற்கு லினக்ஸ் நிறையவே விலை கொடுத்திருக்கிறது. பைப், டூப்2 ஆகிய பழைய சிஸ்டம் கால்களில் ஃபிளாக்ஸ் இல்லாததால், 2008இல் வந்த 2.6.27 பதிப்பில் பைப்2, டூப்3 என்று புதிய கால்களையே சேர்க்க நேர்ந்தது. 2014இல் ஃபைலின் பெயரை மாற்றும் ரீநேம்-ஏட்2 வந்ததும் அப்படித்தான்.

இடம் விட்டுச் சோதிக்காமல் இருப்பது அதைவிட மோசம். வாய்க்கால் கரையில் பின்னால் உதவும் என்று மதகுக்கு விட்ட கண்ணைப் பலகை போட்டு அடைக்காவிட்டால், யாராவது அதில் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கி, பிறகு அடைக்கப் போனால் மாமூல் பாத்தியதை பேசுவார்கள் என்பது உங்கள் ஊரில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃபைலைத் திறக்கும் ஓப்பன் கால், தனக்குத் தெரியாத ஃபிளாக் பிட்டுகளைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே 2013இல் பெயரில்லாத தற்காலிக ஃபைலை உண்டாக்கும் ‘ஓ_டெம்ப்-ஃபைல்’ என்ற ஃபிளாக் வந்தபோது, பழைய கர்னல் அதைப் புறக்கணித்துவிட்டு வேறு வேலை செய்துவிடாதபடி, திறப்பது டைரக்டரியாகவே இருக்க வேண்டும் என்று சொல்லும் ‘ஓ_டைரக்டரி’யையும் அதனுடன் கோத்து, எழுதத் திறக்கும்போது பழைய கர்னலில் பிழை வரும்படி சாமர்த்தியம் செய்ய வேண்டியிருந்தது. அறியாத ஃபிளாகை மறுக்கும் ஓப்பன்-ஏட்2 வந்தது 2020இல், 5.6 பதிப்பில்தான்.

நண்பர் சொல்லும் ஆப்ஷன்களுக்கு வருவோம். அழைக்கும் புரோகிராம் இல்லாத ஆப்ஷனை உண்மையான வேலையில் வைத்துச் சோதிக்க வழியில்லை. வெளியான பின்போ, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை முறிக்கக் கூடாது என்பது லினக்ஸின் விதியாதலால், தவறென்று தெரிந்தாலும் எளிதில் நீக்க முடியாது. வைவாவில் ஆப்ஷன்களை எண்ணி மதிப்பெண் போடுபவர் வந்தால் அது வேறு கதை. அவற்றை அறிக்கையில் எழுதி வையுங்கள். கேட்டு ஒருவர் வரும்போது சேர்க்கலாம். ஆர்குமென்டுகளே பெருகும் என்று தோன்றினால், புதிய புராசெஸை உண்டாக்கும் குளோன்3 போல, பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு ஸ்ட்ரக்சரையும் அதன் அளவையும் வாங்கிக்கொள்ளும்படி இப்போதே அமைத்துவிடுங்கள்.