ஹர்ஸ்டின் சுறாவும் மண்டபத்துக் காரலும்: வாசகர் கேள்வி பதில்

மண்டபம் ஆசிரியர் ஒருவர்: பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் கண்ணாடித் தொட்டியில் வைத்த சுறாவுக்கு 5 சதவீதக் கரைசல் என்று படித்து, பள்ளிக் கண்காட்சிக்காக 950 மில்லி தண்ணீரில், உடல் அழுகாமல் காக்கும் பார்மலின் 50 மில்லி ஊற்றி ஒரு குட்டிச் சுறாவைப் போட்டோம். சில நாளிலேயே கலங்கி நாறுகிறது. ஏன்?

முதலில் கணக்கு. அந்த 5 சதவீதம், பார்மலினில் கரைந்திருக்கும் பார்மால்டிஹைட் என்ற வேதிப்பொருளின் அளவு. கடையில் விற்கும் பார்மலினிலேயே அது 37 முதல் 40 சதவீதம்தான். அப்படியானால் உங்கள் ஜாடியில் இருந்தது சுமார் 2 சதவீதம். ஒரு பங்கு பார்மலினுக்கு 9 பங்கு தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய 4 சதவீதம் வரும். மீனுக்கு அது போதும்.

அளவு சரியாக இருந்தாலும், உடலுக்குள் ஊசியால் பார்மலினை ஏற்றாவிட்டால் இதே கதிதான். 1991-ல் கலைச் சேகரிப்பாளர் சார்ல்ஸ் சாட்சியின் பணத்தில் ஹர்ஸ்ட் செய்த அந்தப் புலிச்சுறாவுக்கும் இதுதான் நேர்ந்தது. பார்மலின் தோல் வழியே மெல்லத்தான் இறங்கும். குடலை எட்டுவதற்குள் குடல் அழுகிவிடும். தொட்டி கலங்கி, தோல் சுருங்கி, 1993-ல் தோலை உரித்து ஃபைபர் கிளாஸ் உருவத்தின்மேல் போர்த்தினார்கள். 2006-ல் வேறொரு சுறாவை வைத்தபோதுதான் உடலெங்கும் ஊசியால் மருந்தை ஏற்றினார்கள். சுறாவில் இன்னொரு தொல்லை, தசையிலுள்ள யூரியா. கெட்டால் அம்மோனியா ஆகும். சுறாக் கருவாடு காயும் பக்கம் போனவர்களுக்கு அந்த வாடையை விளக்க வேண்டியதில்லை. அம்மோனியா பார்மால்டிஹைட்டோடு சேர்ந்து கரைசலின் வலுவையும் தின்றுவிடும்.

சுறாவே வேண்டாம், சில இனங்கள் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. பிடித்த அன்றே காரலோ சூடையோ வாங்குங்கள். கழுவி, வயிற்றில் ஊசி ஏற்றி, துடுப்புகளை விரித்துத் தட்டில் கிடத்தி, விறைத்தபின் ஜாடியில் இறக்குங்கள். கரைசல் மீனின் பருமனைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும். லிட்டருக்கு 3 கிராம் வெண்காரம் போட்டால் புளிப்பு ஏறாது. ஒரு வாரம் கழித்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றலாம். நிறம் போகும், அதைத் தடுக்க முடியாது. பார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். ஊசியும் கலவையும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். மிச்சத்தைக் கடலில் கொட்டாதீர்கள்.

கீழக்கரை வாசகி: பிளர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாட்டுக்கு ஹர்ஸ்ட் வீடியோ எடுத்தாரா? போட்டிக் குழுவான ஒயாசிஸை அவர்கள் விற்பனையில் வென்றது பாட்டின் தரத்தாலா?

எடுத்தார். ‘கன்ட்ரி ஹவுஸ்’, 1995. ஹர்ஸ்ட், பிளரின் கிரஹாம் காக்ஸன், அலெக்ஸ் ஜேம்ஸ் மூவரும் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் படித்தவர்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 14-ல் இரண்டு குழுக்களின் சிங்கிளும் (தனிப்பாட்டு வெளியீடு) ஒரே நாளில் கடைக்கு வந்தன. பிளருக்கு 2,74,000 பிரதிகள் விற்றன, ஒயாசிஸுக்கு 2,16,000. தரம் மட்டுமல்ல, பிளர் வெவ்வேறு கூடுதல் பாட்டுகளோடு இரண்டு சி.டி. விட்டது, ரசிகர்கள் இரண்டையும் வாங்கினார்கள். எங்கள் கருத்தில் இரண்டுமே அவரவருடைய சிறந்த பாட்டு அல்ல. அக்டோபரில் வந்த ஒயாசிஸ் ஆல்பம் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது.

ராமேஸ்வரம் கல்லூரி மாணவர்: பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீட் ஒரு வீட்டின் உட்புறத்தையே கான்கிரீட்டில் அச்செடுத்ததுபோல, இடியப்போகும் எங்கள் பழைய வீட்டில் செய்யலாமா?

அவர் 1993-ல் கிழக்கு லண்டனில் செய்தது: உள்சுவரில் ஒட்டாமலிருக்க ஒரு பூச்சு, அதன்மேல் கான்கிரீட் தெளிப்பு, கம்பி வலை, மறுபடி கான்கிரீட், பிறகு வெளிச்சுவரைப் பெயர்த்தெடுத்தார்கள். அந்தப் பாரத்துக்குப் புது அஸ்திவாரமே போட வேண்டியிருந்தது. 1994 ஜனவரியில் இடித்தும் விட்டார்கள். நம் கரையில் உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைத்துக் கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும். கடல் மணல் கலந்தால் இன்னும் சீக்கிரம்.

முழு வீடு வேண்டாம், மாடக்குழி ஒன்றை மட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுத்துப் பாருங்கள். வாயைவிட உள்ளே அகலமான குழியென்றால் அச்சு வெளியே வராது. உப்புப் பூத்துப் பொடிகிற காரையென்றால் சுவரே அச்சோடு பெயர்ந்து வரும். தூசியைத் துடைத்து வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்து, காய்ந்தபின் தேங்காயெண்ணெய் மெல்லத் தடவுங்கள். தண்ணீரில் பொடியைத் தூவுங்கள். பொடியில் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டும். குழியின் வாயைப் பலகையால் அடைத்து, மேலே ஊற்ற மட்டும் இடம் விடுங்கள். சில நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.