வீட்டை விற்றுவிட்டு கேரவனில் குடியேறி நாவல் எழுதலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. இரண்டு நாவல்கள் வெளிவந்திருக்கின்றன, மூன்றாவது பாதியில் நிற்கிறது. பிள்ளைகள் தனியாகப் போய்விட்டார்கள். கணவர் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டார். வீட்டை விற்றுவிட்டு, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கேரவன் ஒன்றை வாங்கி, போகிற இடமெல்லாம் எழுதிக்கொண்டே வாழலாம் என்று இருவருக்கும் ஆசை. தினம் ஒரு ஊர், தினம் ஒரு ஜன்னல் என்று நினைத்தாலே கை பரபரக்கிறது. எழுத்தை நம்பிப் பிழைக்கிறவளுக்கு இது சரிப்பட்டு வருமா?
— ஒரு வாசகி

பதில்: வரும். நான் நான்கு வருஷம் அப்படி இருந்தேன். அதில் ஒன்றரை நாவல் எழுதினேன். முதல் வருஷத்தில் அந்த அரை, அடுத்த மூன்று வருஷத்தில் அந்த ஒன்று.

முதல் வருஷம் நீங்கள் சொல்கிற மாதிரிதான், தினம் ஒரு ஜன்னல். அந்த நாள் எப்படிப் போகும் தெரியுமா? காலையில் எழுந்ததும் கேஸை மூட வேண்டும். கூரை ஜன்னலைப் பூட்ட வேண்டும். டம்ளர்களைத் துண்டில் சுற்றி அலமாரியில் செருகி, ஃபிரிட்ஜ் கதவின் கொக்கி விழுந்ததா என்று இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஒரு தடவைதான் பார்த்தேன் ஒரு நாள். மறுபடி கதவைத் திறந்தபோது தரையெல்லாம் பால். அப்புறம் கழிவுநீரைக் கொட்டி, வண்டியைத் தாங்கி நிற்கிற நான்கு மூலைக் கால்களையும் சுற்றி மேலே ஏற்றி, கரண்ட் கேபிளைச் சுருட்டி, காரோடு கோத்து, பின்விளக்கு எரிகிறதா என்று ஒருவர் பின்னால் போய் நிற்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் இத்தனையையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்து வண்டியைச் சமதளமாக்காவிட்டால், கேஸில் ஓடுகிற ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராது. உட்கார்ந்து நோட்டைத் திறக்கும்போது மணி நாலு. பக்கம் பக்கமாக எழுதத்தான் செய்தேன். ஆனால் என் கதாநாயகி அத்தியாயத்துக்கு அத்தியாயம் எங்காவது ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதனால் ஓரிடத்தில் குறைந்தது இரண்டு வாரம் தங்குங்கள். இடம் மாறும் நாளையும் அதற்கு மறுநாளையும் எழுத்துக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். நாளுக்கு 500 வார்த்தை எழுதுகிறவர் என்று வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நகர்ந்தால் 12 நாள் மிஞ்சும், 6,000 வார்த்தை. 80,000 வார்த்தை முதல் பிரதி ஆறு மாதத்தில் முடிந்துவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை நகர்ந்தால் மூன்றில் ஒரு நாள்தான் கையில் நிற்கும். அதே பிரதிக்குப் பதினாறு மாதம்.

இந்த வாழ்க்கைக்கு முன்னோடி ஒருவர் உண்டு. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கடற்படையில் மருத்துவராக இருந்தவர், சிறுவர்களுக்கான சாகசக் கதைகளை எழுதிக் குவித்தவர். 'வாண்டரர்' என்று ஒரு குதிரை கேரவனைச் சொல்லிச் செய்து, 1885-இல் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை போனார். கூடவே ஒரு நாய், ஒரு காக்கட்டூ கிளி. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வண்டிக்காரரும் ஒரு பணியாளரும்கூட இருந்தார்கள். குதிரைகளைக் கவனித்து ஓட்டியது ஒருவர். மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய் வழி பார்த்தது மற்றவர். 'லோலிடா' நாவலை எழுதிய நபோகோவ் கதையும் இதே கதைதான். அமெரிக்கா முழுக்க வண்ணத்துப்பூச்சி தேடிப் போன கோடைகளில், நிறுத்தி வைத்த காரின் பின்சீட்டில் உட்கார்ந்து சின்னச் சின்ன அட்டைகளில் எழுதினார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டியது மனைவி வேரா.

உங்கள் வண்டியை யார் ஓட்டப் போகிறார்கள்? கழிப்பறைப் பெட்டியை யார் கொட்டப் போகிறார்கள்? அது பெரும்பாலும் 20 லிட்டருக்குள்தான் இருக்கும், இரண்டு பேருக்கு மூன்று நாளில் நிறைந்துவிடும். எழுதுகிறவர் ஆணாக இருந்தால் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் சமைத்து, துடைத்து, தண்ணீர் பிடித்து, மிச்ச நேரத்தில் எழுதப் போவதாக இருந்தால் வீட்டிலேயே இருங்கள், அங்கே குழாயிலாவது தண்ணீர் வரும்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை உங்கள் கணவர் எங்கே இருப்பார்? உள்ளே ஆறு மீட்டர் நீளமும் இரண்டே கால் மீட்டர் அகலமும் இருந்தால் பெரிய வண்டி. அதில் ஒருவர் பேப்பரைப் புரட்டினால் மற்றவர் வாக்கியம் உடையும். ஓய்வு பெற்ற மனிதருக்கு வண்டிக்கு வெளியே தனக்கென்று ஒரு வேலை வேண்டும். சைக்கிள், பறவை பார்ப்பது, மீன் பிடிப்பது, எதுவானாலும் சரி. வெளியே கட்டுகிற கூடாரம் ஒன்றை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். எங்கள் குடும்பம் உடையாமல் இருந்ததற்கு அந்தத் துணிச்சுவர்தான் காரணம் என்று இப்போதும் சொல்வேன்.

வண்டி பார்க்கப் போகும்போது, படுக்கையை மடித்தால் மேஜையாகும் என்று காட்டி மயக்குவார்கள். மயங்காதீர்கள். தினமும் மடித்து விரிக்க மாட்டீர்கள். மடிக்காத நாளில் எழுத மாட்டீர்கள். நிரந்தரக் கட்டில், தனியாக ஒரு மேஜை, அவ்வளவுதான் வேண்டும். சமையலறை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

புத்தகங்கள். இதில்தான் எழுத்தாளர்கள் எல்லாரும் மாட்டுகிறோம். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று இரண்டரைக் கிலோ. சராசரிப் புத்தகம் 400 கிராம் என்றால் ஐம்பது புத்தகம் 20 கிலோ. 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. துணி, பாத்திரம், சிலிண்டர், பேட்டரி எல்லாம் சேர்த்து ஏற்றுவதற்குச் சில வண்டிகளில் 150 கிலோகூட அனுமதி இருக்காது. எல்லாவற்றையும் ஏற்றியபின் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. புத்தகப் பெட்டிகளைப் பின்பக்க அலமாரியில் அடுக்கினேன், கண்ணுக்கு அழகாக இருந்தது. ஒரு இறக்கத்தில் கேரவன் பின்னால் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. பிரேக்கை அழுத்தாமல், ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு அதுவாக அடங்கும்வரை காத்திருந்தார் ஓட்டியவர். கனமான சாமான் எல்லாம் சக்கர அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது. அந்த வாரமே முப்பது புத்தகத்தை நண்பர் வீட்டில் இறக்கினேன். ஒரு விஷயம் யாரும் சொல்லித் தருவதில்லை: பதிப்பகம் உங்களுக்குத் தரும் ஆசிரியர் பிரதிகளும் ஒரு பெட்டியாக வந்து சேரும். சொந்த நாவலை வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

காகிதத்துக்கு வேறொரு எதிரி, ஈரம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. அதோடு இரண்டு பேர் இரவெல்லாம் விடும் மூச்சு. காலையில் ஜன்னல் உள்பக்கம் சொட்டும், கைப்பிரதி அப்பளம் நமத்த மாதிரி துவண்டுவிடும். குளிர்காலமானாலும் காற்றோட்டத் துளைகளை அடைக்காதீர்கள். ஈரத்துக்காக மட்டும் சொல்லவில்லை, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரம் ஒன்றை முதல் நாளே மாட்டுங்கள்.

மின்சாரம் நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பிரச்சினை இல்லை. 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் சாதாரண பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், சுமார் 600 வாட்-ஹவர். ஆறு மணி நேர லேப்டாப் வேலைக்கு அதில் பாதி போதும். இன்வர்ட்டர் வழியாகப் போகாமல் 12 வோல்ட்டிலேயே சார்ஜ் செய்தால் இழப்பும் குறையும். சோலார் பேனலைக் கூரையில் ஒட்டாமல் தனியாக நீளமான வயரோடு வைத்துக்கொள்ளுங்கள். பேனல் வெயிலில் கிடக்கட்டும், நீங்கள் நிழலில் இருக்கலாம்.

கைப்பிரதிக்கு மூன்று பிரதி: லேப்டாப்பில் ஒன்று, கிளவுடில் ஒன்று, காரின் டாஷ்போர்டில் ஒரு பென்டிரைவ். எல்லாம் கேரவனுக்குள்ளேயே இருந்தால், கேரவனுக்கு ஏதாவது ஆகும் அன்று எல்லாம் போய்விடும்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முன்பணம் தவணையாக வரும், ராயல்டி பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். டயருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அதுவும் கேரவன் டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிப்பு விடும். எனவே வீட்டை விற்காதீர்கள். ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு விடுங்கள். வங்கிக்கும் வரிக்கும் ஓட்டுக்கும் எல்லா இடத்திலும் நிலையான முகவரி கேட்பார்கள், கேரவன் நிறுத்துகிற பல முகாம்களில் நிரந்தரமாகத் தங்க அனுமதியும் கிடையாது. விடுமுறைக்கு ஓட்டுகிற வண்டிக்கான காப்பீடு, அதிலேயே குடியிருப்பவருக்குச் செல்லாமல் போகலாம். கையெழுத்துப் போடும் முன் வாசகம் வாசகமாகப் படியுங்கள்.

சரி, கடைசியாக அந்த மூன்றாவது நாவல். என்னுடைய அரை நாவலும் வீட்டில் இருக்கும்போதே நின்றுபோனதுதான். ஜன்னல் மாறினால் அது நகரும் என்று நம்பி ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு வருஷம் எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் என்கூடவே வந்தது, பக்கம் பக்கமாக எழுதியும் கதை மட்டும் நகரவில்லை. இரண்டாம் வருஷம் புதிதாக ஒன்றைத் தொடங்கிய பிறகுதான் எழுத்து ஓடியது. உங்களுடையது எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கிளம்பும் முன் அதை உங்களுக்குள் பேசித் தீர்த்துவிடுங்கள்.

வாங்கும் முன் ஒரு கேரவனை ஒரு மாதம் வாடகைக்கு எடுங்கள். நல்ல பருவத்தில் வேண்டாம், மழையில் எடுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது எழுத முடிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்திலேயே நிறுத்தி அந்த நின்றுபோன அத்தியாயத்தை எழுதிப் பாருங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். புத்தகங்களை மட்டும் பின்பக்கம் அடுக்கிவிடாதீர்கள்.