மெல்பர்னில் அவன் 'மிஸ்டர் சரவணன்'

கேள்வி: என் மகன் மெல்பர்னில் படிக்கிறான். அங்கே எல்லாரும் அவனை 'மிஸ்டர் சரவணன்' என்கிறார்களாம்; அது என் கணவர் பெயர். நம் குடும்பப் பெயர் என்ன, எந்த ஊர்க்காரர்கள் நாம் என்று போனில் குடைகிறான். மாமனாரின் அப்பா முனியாண்டி, திருச்சி ஜில்லாவிலிருந்து கப்பலில் வந்தவர், அவ்வளவுதான் தெரியும். குடும்பப் பெயரின் பூர்வீகத்தைக் கண்டுபிடித்துத் தருவதாக ஒருவர் காசு கேட்கிறார். கட்டலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: கட்டாதீர்கள் அம்மா. இல்லாத பெயருக்கு எங்கிருந்து பூர்வீகம் கண்டுபிடிப்பார்? தெலுங்குக்காரர்களுக்கு 'இன்டி பேரு' உண்டு, மலையாளிகளுக்குத் தறவாட்டுப் பெயர் உண்டு, செட்டியார்களுக்கு விலாசம் (பரம்பரை முன்னெழுத்துகள்) உண்டு, தோட்டத்துத் தமிழர் நமக்கு அப்பா பெயர்தான். ஐசியில் (அடையாள அட்டையில்) நடுவில் நிற்கும் ஏ/எல் என்பது மலாயில் 'அனாக் லெலாக்கி', அதாவது மகன் (பழைய பத்திரங்களில் எஸ்/ஓ). நாளைக்கு உங்கள் பேரனுக்கு அந்த இடத்தில் உங்கள் மகன் பெயர் வந்து நிற்கும், சரவணன் காணாமல் போய்விடுவார்.

முனியாண்டியை வைத்தும் தேட முடியாது. சாமி பெயர், லயத்துக்கு (தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீட்டுக்கு) நாலு முனியாண்டி இருந்திருப்பார்கள். பெயரை எழுதிய விதமோ அதைவிட மோசம், கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) காதில் எப்படி விழுந்ததோ அப்படி. என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் தாத்தா ஆறுமுகத்தின் பெயர் இருவர் சூராட் பெரானாக்கிலும் (பிறப்புப் பத்திரத்திலும்) இரண்டு விதமாக இருந்து, நிலம் மாற்றப் போனபோது நாங்கள் பட்ட பாடு!

முனியாண்டியைக் கூட்டிவந்த கங்காணி (ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்த தோட்டத்து மேஸ்திரி) யார் என்று பிடியுங்கள். தோட்டம் வாங்கிக் கொடுத்த லைசென்ஸோடு அவர் தன் ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும்தான் போய் ஆள் சேர்த்தார், நாகப்பட்டினத்திலோ மதராஸிலோ கப்பலேற்றிப் பினாங்குக்குக் கொண்டுவந்தார். இந்திய அரசு 1938-ல் கூலியாள் அனுப்புவதை நிறுத்தும்வரை பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. அதனால் கங்காணியின் ஊர் தெரிந்தால் உங்கள் பூர்வீக ஊர் அநேகமாக அதுவாகவோ, பக்கத்திலோ இருக்கும். அவர் பேரப்பிள்ளைகள் சுங்கை சிப்புட்டிலேயே எங்காவது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கலாம்.

இன்னொன்று, திருச்சி ஜில்லா என்றதும் இன்றைய திருச்சியில் மட்டும் தேடாதீர்கள். கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் ஒரு காலத்தில் அதற்குள்தான் கிடந்தன.

மாமனாரின் அக்கா தங்கச்சி யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அங்கே போங்கள். "நம்ம ஊர் எது?" என்று கேட்காதீர்கள், "ஏன், சுங்கை சிப்புட்தான்" என்பார். இங்கேயே பிறந்தவர், வேறென்ன சொல்வார்? "உங்கப்பாவக் கூட்டிட்டு வந்த கங்காணி யாரு, படையல் போடுறப்ப எந்தச் சாமி பேரச் சொல்லிக் கும்பிடுவாங்க, ஊர்லேருந்து கடுதாசி போட்டது யாரு" என்று கேளுங்கள். குலசாமி பெயர் ஒன்று கிடைத்தாலே போதும், அந்தக் கோயிலுக்கு வரும் பங்காளிகளில் யாருக்காவது முனியாண்டி மலாயா போன கதை தெரிந்திருக்கலாம். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் வெற்றிலை வாயோடு பேசுவார், பக்கத்தில் வையுங்கள்.