பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்பவர் ஆர்க்கிடெக்டை எப்போது கூப்பிட வேண்டும்?

பழைய வீடு வாங்கிப் புதுப்பித்து விற்கவோ வாடகைக்கு விடவோ நினைக்கிறீர்கள். ஆர்க்கிடெக்ட் வேண்டுமா, நல்ல கான்ட்ராக்டர் போதாதா என்பது உங்கள் கேள்வி.

வேண்டும். ஆனால் பலரும் கூப்பிடுகிற நேரத்தில் கூப்பிட்டால் பாதிப் பயன்தான். பத்திரம் முடிந்து சாவி கைக்கு வந்த பிறகு அவரைத் தேடுகிறோம். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன்.

அது ஒரு அடுக்குமாடி வீடு, ஒரே பாத்ரூம். பின்பக்கப் படுக்கையறையில் இன்னொன்று போட்டால் நல்ல விலைக்குப் போகும் என்று கணக்குப் போட்டு வாங்கினேன். ஆர்க்கிடெக்ட் வந்தார், டேப்பைப் பிடித்தார். கழிவுநீர் இறங்கும் குழாய் 4 மீட்டர் தள்ளி எதிர்ப்பக்கம் இருந்தது. "தண்ணீர் ஓட நாற்பதுக்கு ஒன்று என்று சரிவு கொடுத்தால் அங்கே போய்ச் சேர்வதற்குள் 10 சென்டிமீட்டர் இறங்கணும். குழாயே 11 சென்டிமீட்டர் பருமன். தளத்தை உடைத்து இறக்கலாம் என்றால் கீழே இருப்பது அடுத்தவர் வீடு" என்றார். தரையை உயர்த்தி, இரண்டு படி ஏறிப் போகிற மாதிரி பாத்ரூம் கட்டலாம். அப்படி ஒரு வீட்டை யார் வாங்குவார்? என் லாபக் கணக்கே அந்த பாத்ரூமை நம்பித்தான் இருந்தது.

அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அவரைக் கூட்டிப்போனேன். அவர் அறைகளைப் பார்க்கவே இல்லை. கூரையை அங்கங்கே தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் பொள்ளலாகக் கேட்டது. பக்கத்து பீமின் அடியில் நீளவாக்கில் ஒரு விரிசல், துருக் கறையோடு. கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும், மேலே பூசி மறைத்தால் மறுபடி விழும் என்று விளக்கினார். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் இந்த விலைக்கு வாங்க வேண்டாம் என்றார். வாங்கவில்லை. அவர் செலவழித்த இரண்டு மணி நேரத்துக்குக் காசு கொடுத்தேன். படம் ஒன்றும் வரையவில்லையே என்று அந்தக் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

சம்பளம் எப்படிப் பேசுவது? மொத்தச் செலவில் சதவீதம், மொத்தமாக ஒரு தொகை, மணிக் கணக்கு என்று மூன்று வழி உண்டு. முதலீட்டு வேலைக்குச் சதவீதம் எனக்குப் பிடிக்காது. செலவு ஏறினால் அவர் சம்பளமும் ஏறும். ஏமாற்றுவார் என்று சொல்லவில்லை, அப்படி ஒரு ஏற்பாட்டை நாமே ஏன் செய்துவைக்க வேண்டும்? பார்வையிடுவதற்கு மணிக் கணக்கு, வரைபடத்துக்கு ஒரு தொகை, வேலை நடக்கும்போது ஒவ்வொரு வருகைக்கும் தனி. எனக்கு இது சரியாக வருகிறது. ஒன்று மட்டும்: இருக்கிற கட்டடத்தை அளந்து வரைவதற்கான காசில் பேரம் பேசாதீர்கள். பழைய சுவர் எதுவும் நேராக இருக்காது.

முதல் சந்திப்பிலேயே "நான் இதில் குடியிருக்கப் போவதில்லை" என்று சொல்லிவிடுங்கள். விற்பதா வாடகையா, எத்தனை மாதத்தில் முடிய வேண்டும், கையில் எவ்வளவு என்பதையும் மறைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் முழுவதையும் செலவழிக்க வைத்துவிடுவார் என்று குறைத்துச் சொல்பவர்கள் உண்டு. அப்புறம் அந்தக் குறைந்த தொகைக்கு ஒரு பிளான், பாதியில் மனசு மாறி இன்னொரு பிளான் என்று இரண்டு தண்டம். நான் முழுத் தொகையைச் சொல்லி, அதில் 15 முதல் 20 சதவீதத்தை எஸ்டிமேட்டில் சேர்க்கவே கூடாது என்று சொல்லிவிடுவேன். சுவரை உடைத்த பிறகுதானே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்!

ஆர்க்கிடெக்ட்களிடம் எனக்கு ஒரு சண்டையும் உண்டு. சுவரைக் கண்டால் எடுத்துவிடச் சொல்வார்கள். விசாலமாகத் தெரியும், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். வாடகை வீட்டிலோ, கதவைச் சாத்திக்கொள்ள இன்னொரு அறை இருந்தால்தான் ஆள் வருகிறது. அங்கே நான் விட்டுக்கொடுப்பதில்லை. எந்தச் சுவர் மேல்தளத்தைத் தாங்குகிறது என்பதில் மட்டும் வாயே திறக்க மாட்டேன்.

வேலை தொடங்கிவிட்டால் கொத்தனாரிடம் நேரே எதுவும் சொல்லாதீர்கள். கதவை அரை அடி நகர்த்தச் சொன்னேன், அதோடு போயிற்று என்று நினைத்தேன். ஸ்விட்ச் போர்டுக்கு இழுத்த வயர் கதவுக்குப் பின்னால் போய்விட்டது, மறுபடி சுவரைக் கொத்தினோம். இப்போது எல்லாம் ஆர்க்கிடெக்ட் வழியாக, எழுத்தில்.

குழாயும் வயரும் பதித்து, பூசுவதற்கு முன்னால், டேப்பைச் சுவரில் வைத்துப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடைசியாக விற்ற வீட்டை வாங்க வந்தவர் புதுச் சமையலறையைவிட அந்தப் படங்களைத்தான் அதிக நேரம் புரட்டிக்கொண்டிருந்தார்.