வேலிக்குப் பின்னால் நிற்கும் பெண்

கேள்வி: எனக்கு வயது 31. கணக்கு எழுதும் வேலை. இரவில் எல்லோரும் படுத்த பிறகு ஒரு மணி நேரம் வீடியோ கேம் விளையாடுவேன். விளையாடுவேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. சண்டையெல்லாம் ஓய்ந்த தெருக்களில் சும்மா நடப்பேன். மழை, உடைந்த ஜன்னல், விட்டு விட்டு எரியும் விளக்கு. எனக்குப் பிடித்த கேம்கள் எல்லாமே ஒடுக்குமுறையும் அழிவும் நிறைந்த இருண்ட நகரங்களில்தான் நடக்கின்றன. பயிர் வளர்க்கும் பசுமையான கேம் ஒன்றைத் தங்கை வாங்கிக் கொடுத்தாள். இரண்டே நாளில் சலித்துவிட்டது. "அக்கா, உனக்குள் ஏதோ சரியில்லை" என்கிறாள். சென்ற மாதம் 'ஹாஃப்-லைஃப் 2' கேமை மறுபடி ஆரம்பித்தேன். தொடக்கத்திலேயே, கம்பி வேலிக்குப் பின்னால் கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டேன். அப்போதுதான் பயம் வந்தது. பிறர் துன்பத்தைப் பார்த்து ரசிக்கிறேனா? இல்லை, மனச்சோர்வா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பெண்ணை எனக்கும் தெரியும். 2004-இல் வெளிவந்த கேம் அது. ரயிலை விட்டு இறங்கும் ஊருக்குப் பெயர்கூடக் கிடையாது, ஓர் எண்தான்: சிட்டி 17. மேலே பெரிய திரையில் ஒருவர் இனிமையாக வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அவள், "அந்த ரயிலில் வேறு யாரும் வரவில்லையா?" என்ற பொருளில் நம்மிடம் கேட்கிறாள். வழியில் காட்டுக்குள் ரயிலை நிறுத்திக் கணவனை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். அடுத்த ரயிலில் வந்துவிடுவார் என்றார்கள். அது எப்போது நடந்தது என்று அவளுக்கே நினைவில்லை. காத்திருக்க விடுகிறார்களே, அதுவே நல்ல மனசு என்று வேறு சொல்கிறாள்.

அவளுக்கு உதவ அந்தக் கேமில் ஒரு பொத்தானும் இல்லை. அவள் முன்னால் நிற்பதால் புள்ளியும் கிடைக்காது, கதையும் நகராது. பெரும்பாலோர் அவள் பேசி முடிப்பதற்குள் கடந்துபோய்விடுவார்கள். நீங்கள் நின்றீர்கள். துன்பத்தைச் சுவைக்க வந்தவருக்கு அந்த வேலியோரத்தில் என்ன இருக்கிறது? உங்கள் முதல் கேள்விக்கு உங்கள் கடிதமே பதில் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆனால் ஏன் அங்கே போய் நிற்கிறீர்கள், பச்சை வயலில் ஏன் மனம் ஒட்டவில்லை என்பது நல்ல கேள்வி. அதற்கு நான் நம் பழைய பாடல்களிடம்தான் போவேன். அகநானூற்றின் 400 பாடல்களில் 200, பாலைத் திணை. சரிபாதி! நீர் வற்றிய சுனை, வழிப்பறிக்காரர்கள் காத்திருக்கும் பாதை, வெயிலில் வெடித்த நிலம். அதையே பாடிப் பாடிப் 'பாலை பாடிய பெருங்கடுங்கோ' என்று பெயர் பெற்ற ஒரு சேர மன்னரும் உண்டு. மனச்சோர்வினால் பாடினார் என்று யாரும் சொன்னதில்லை. பிரிவைச் சொல்வதற்கு அந்த நிலம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்தப் பாடல்களில் கொதிக்கும் வெயிலில் ஒதுங்க நிழலே இல்லாத இடத்தில், ஓர் ஆண் மான் தன் உடம்பின் நிழலைப் பெண் மானுக்குக் கொடுத்து நிற்கும். குறிஞ்சியின் குளிர்ந்த சோலையில் அதே மான் அப்படியே நின்றிருந்தால் நமக்கு அது கண்ணிலேயே பட்டிருக்காது.

இருண்ட நகரங்களில் உங்களை நிறுத்துவது அந்த மான்தான் என்பது என் எண்ணம். 1997-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7' கேமில் மிட்கார் என்ற நகரம் இருக்கிறது. வசதியானவர்கள் பிரம்மாண்டமான உலோகத் தட்டுகளின் மேல் வாழ்கிறார்கள். கீழே சேரி, அதற்கு வானமே இல்லை. அங்கே ஓர் இடிந்த தேவாலயத்தின் தரையைப் பிளந்துகொண்டு பூக்கள் மலர்ந்திருக்கும். அவற்றை வளர்த்துக் கூடையில் விற்கிறாள் ஒரு பெண். உங்கள் தங்கை வாங்கித் தந்த கேமில் பூக்களுக்குப் பஞ்சமே இருந்திருக்காது. ஆனால் மிட்காரை விளையாடியவர்கள் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பூக்களை மறக்கவில்லை. 2022-இல் வந்த 'ஸ்ட்ரே'யும் அப்படித்தான். மனிதர்கள் அழிந்துபோன, மூடப்பட்ட நகரத்தில் ஒரு பூனையாக நாம் திரிகிறோம். குளிரில் நடுங்கும் ஓர் எந்திரனுக்கு, மின்கம்பிகளைக் கொண்டே போர்வை பின்னித் தருகிறது இன்னொரு வயதான எந்திரன். நீங்கள் இன்னும் விளையாடவில்லை என்றால் அவசியம் விளையாடுங்கள். பூனை சுருண்டு படுத்துத் தூங்க அங்கங்கே இடம் வைத்திருக்கிறார்கள். படுத்ததும் காட்சி மெல்லப் பின்வாங்கி நகரத்தைக் காட்டும். சும்மா நடக்கப் பிடிக்கும் என்கிறீர்களே, அந்தத் தூக்கத்தை உங்களுக்காகவே செய்ததுபோல் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரியும்போதுதான் பாலை பிறக்கிறது என்பது நம் மரபு. அது வேற்று நிலமல்ல, நம் நிலமே காய்ந்துபோன கோலம். சிட்டி 17-ஐ வடிவமைத்த விக்டர் அன்டோனோவ் பல்கேரியாவின் சோஃபியா நகரில் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பாவின் பழைய வீடுகளையும் டிராம் ஓடும் தெருக்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் நடுவே கறுத்த அந்நிய உலோகத்தைச் செருகினார். முழுக்க முழுக்க வேற்றுக்கிரகமாக அமைத்திருந்தால் வியந்துவிட்டுப் போயிருப்போம். ஊஞ்சலும் சறுக்கு மரமும் இருக்கும் விளையாட்டுத் திடலில் ஒரு குழந்தைகூட இல்லை என்பதைக் காணும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. பூமியைப் பிடித்துக்கொண்ட வேற்றுக்கிரக அந்நியர்கள் மனித இனத்தில் பிள்ளைப்பேற்றையே தடுத்துவிட்டார்கள் என்ற விளக்கம் கதையிலேயே வருகிறது. திடல் அதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

அதே ரயில் நிலையத்தில் ஒரு காவலர் காலி டப்பாவைத் தடியால் தட்டிக் கீழே விடுவது உங்களுக்கு நினைவிருக்கும். எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடு என்கிறார். போட்டால் சிரித்துவிட்டு வழி விடுவார்; அவர் மேலேயே எறிந்தால் தடியோடு துரத்துவார். இரண்டில் எதைச் செய்தாலும் கதை ஒன்றுதான். ஆனால் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அந்த நொடியில் நெஞ்சு படபடக்கும். சிறுமைப்படுத்தப்பட்டுவிட்டு வாய் திறக்க முடியாமல் வீடு திரும்பிய எவருக்கும் அந்த நொடி தெரியும். பகலில் அநியாயம் இவ்வளவு வெளிப்படையாக வருவதில்லை. மரியாதையான சொற்களுக்குப் பின்னால் மறைந்துகொண்டுதான் வரும். அந்த நகரத்தில் அதற்குச் சீருடையும் தடியும் இருக்கின்றன. உங்களுக்கு வேலையிடத்தில் அப்படி ஏதாவது நடக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. நடந்தால், அதை மனிதர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டப்பாவை எறிவது மட்டும் போதாது.

உங்கள் பயத்தில் ஒரு துளி நியாயமும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். பாழடைந்த சுவர் திரையில் அழகாக இருக்கிறது. 'ஸ்ட்ரே'யின் நகரத்துக்கு முன்மாதிரி ஹாங்காங்கின் கவுலூன் மதில் நகரம். மூன்று ஹெக்டேர்கூட இல்லாத இடத்தில் சுமார் 33,000 பேர் வாழ்ந்தார்கள். அங்கே பல் மருத்துவர்கள் இருந்தார்கள், சிறு தொழிற்கூடங்கள் இருந்தன, பிள்ளைகள் மொட்டை மாடிகளில் விளையாடினார்கள். 1993-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த மக்களுக்கு அது வெறும் காட்சியல்ல, முகவரி. நமக்கு அணைக்கும் பொத்தான் இருக்கிறது, அவர்களுக்கு இருக்கவில்லை. இதை மறக்காதவரை நீங்கள் ரசிப்பதில் குற்றமில்லை.

மனச்சோர்வைப் பற்றி: கேமின் நிறத்தை வைத்து அதை அளக்க முடியாது. மறுநாள் காலையை வைத்துத்தான் அளக்க வேண்டும். தூக்கம் வருகிறதா? பசிக்கிறதா? தோழி அழைத்தால் போகத் தோன்றுகிறதா? கேமை அணைத்த பிறகும் அந்தச் சாம்பல் நிறம் அறைக்குள்ளேயே தங்கி, முன்பு பிடித்த எதுவுமே பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதையும் நான் காணவில்லை. ஒரு மணி நேரம் நடந்துவிட்டுப் படுக்கிறீர்கள், அவ்வளவே.

தங்கைக்கு வருவோம். அவள் பார்த்திருப்பதெல்லாம் இருட்டில் திரை வெளிச்சம் படிந்த உங்கள் முதுகைத்தான். ஒரு நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சண்டை எதுவும் வேண்டாம். கேமை முதலிலிருந்து தொடங்கி, ரயிலிலிருந்து இறங்கி, கட்டுப்பாட்டுக் கருவியை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். வேலியோரத்தில் அந்தப் பெண் பேச ஆரம்பிக்கும்போது நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். தங்கை அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.