ஆங்கிலத்தில் 'கம்மி', 'பத்தலை' என்பதற்கெல்லாம் 'லெஸ்' என்றே எழுதலாமா? வேறு என்ன சொற்கள் இருக்கின்றன?

உப்பு கம்மி, ஆள் கம்மி, நேரம் கம்மி என்று மூன்று உதாரணம் கொடுத்து, மூன்றுக்கும் லெஸ் போட்டே காலம் தள்ளுவதாகக் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். நானும் அப்படிப் போட்டவன்தான். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவர்) இருந்தபோது, வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதி எழுதி, திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நம் 'கம்மி' தனியாக நிற்கும். லெஸ் அப்படி நிற்காது, அது ஒப்பீட்டுச் சொல். 'சால்ட் இஸ் லெஸ்' என்றால் கேட்பவர் 'எதைவிட?' என்று காத்துக்கொண்டிருப்பார். அவர்கள் 'இட் நீட்ஸ் சால்ட்' என்பார்கள். ஆள் கம்மி என்றால் 'வீ ஆர் ஷார்ட்-ஸ்டாஃப்ட்'. நேரம் பத்தலை என்றால் 'வீ டோன்ட் ஹாவ் இனஃப் டைம்'. 'நாட் இனஃப்' ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அகராதிச் சொற்களை அப்புறம் பார்க்கலாம்.

நான் சறுக்கிய இடம் வேறு. தூத்துக்குடி போகிற வழியில் மழையில் ஏழெட்டு கார்ட்டன் நனைந்துவிட்டது. முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று பையருக்கு 'ஃபியூ கார்ட்டன்ஸ் ஆர் வெட்' என்று எழுதினேன். 'நல்ல செய்தி, நன்றி' என்று பதில் வந்தது. கிண்டல் பண்ணுகிறாரோ என்று நினைத்தேன். எம்.டி.தான் என் மெயிலைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். 'எ ஃபியூ' என்றால் 'சில'. முன்னால் இருக்கிற 'எ' விட்டுப்போனால் 'அதிகமில்லை, இல்லை என்றே சொல்லலாம்' என்ற தொனி வந்துவிடும். 'லிட்டில்', 'எ லிட்டில்' கதையும் இதேதான். 'எ லிட்டில் ஹோப்' என்றால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது. 'லிட்டில் ஹோப்' என்றால் கைவிட்டாயிற்று.

அடுத்து, எதை வைத்து அளக்கிறோம் என்பது. 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற துணி எடை) கேட்ட துணி 168 வந்து நின்றால் அது 'ஃபால்ஸ் ஷார்ட்'. குறி வைத்த அம்பு நடுவழியில் விழுந்த மாதிரி. இடையில் விழுந்த அந்த 12 'ஷார்ட்ஃபால்'. சந்தையிலேயே நூல் கிடைக்கவில்லை என்றால் 'ஷார்டேஜ்', தட்டுப்பாடு. 'டெஃபிசிட்' கணக்குப் புத்தகச் சொல். லத்தீனில் 'குறைகிறது' என்று பொருள்படும் வினைச்சொல்தான் அப்படியே பெயர்ச்சொல்லாக உட்கார்ந்துவிட்டது. பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்கிறோமே, அந்தத் துண்டு.

'டெஃபிஷியன்ட்' எனக்குப் பிடித்த சொல், வானிலைத் துறையின் புண்ணியத்தில். வழக்கமான மழையைவிட 19 சதவீதம் வரை குறைந்தாலும் அவர்கள் ஏட்டில் அது 'நார்மல்'தான். 20 முதல் 59 வரை குறைந்தால் 'டெஃபிஷியன்ட்'. 60 முதல் 99 வரை என்றால் முன்பெல்லாம் 'ஸ்கேன்டி' என்பார்கள். இப்போது 'லார்ஜ் டெஃபிஷியன்ட்'. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு. விவசாயிக்கு வயிற்றெரிச்சல், ஏட்டில் ஒரு வகைப்பாடு. இருக்க வேண்டிய அளவு என்று ஒன்றை முன்கூட்டியே வரையறுத்துவிட்ட இடத்தில்தான் இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்தும். இரும்புச்சத்து, வைட்டமின் டி எல்லாம் அதனால்தான் 'டெஃபிஷியன்சி'. 'ஸ்கேன்டி'யைத் துறை கைவிட்டாலும் உடை விஷயத்தில் அதற்கு இன்னும் நல்ல கிராக்கி.

'இன்சஃபிஷியன்ட்', 'இன்அடிக்வேட்' இரண்டையும் பலர் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். முதலாவது பெரும்பாலும் அளவைப் பற்றியது, உணர்ச்சி இல்லாதது. செக் திரும்பி வந்தால் 'ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்' என்றுதான் பேங்கில் சீட்டு வைத்துக் கொடுப்பார்கள். (1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு பாயும், அது தனி உணர்ச்சி.) 'இன்அடிக்வேட்' தரத்தையும் சேர்த்துப் பேசும்: காரியத்துக்கு ஆகாது. வேலைக்குப் பத்தாதவர் என்று ஒரு மனிதரைப் பற்றி எழுதினால் சுருக்கென்று தைக்கும். சக ஊழியரைப் பற்றி எழுதும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

கோபத்தோடு சொல்ல வேண்டுமா? 'மீகர்' என்றால் சொற்பம்; மெலிந்த உடம்பைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதைவிட ஒரு படி கீழே 'பால்ட்ரி', அற்பம். உச்சரிப்பு கோழிப்பண்ணைப் பக்கம் போய்விடும், நாமக்கல்காரர்கள் கவனம். இங்கிரிமென்ட் கடிதத்தைப் பார்த்துவிட்டு கேண்டீனில் சொல்ல 'மீஸ்லி'. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்கிற எரிச்சல் இதில் வரும்.

அரிதாகக் கிடைப்பதில் 'ரேர்' எப்போதுமே அரிது, 'ஸ்கேர்ஸ்' தேவைப்படுகிற நேரத்தில் கிடைக்காதது. குறிஞ்சிப்பூ 'ரேர்', கோடையில் லாரித் தண்ணீர் 'ஸ்கேர்ஸ்'. 'டெர்த்' என்று ஒன்று உண்டு, பற்றாக்குறை. விலை ஏறியது என்ற பொருளும் உள்ள 'டியர்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. பொருள் குறைந்தால் விலை ஏறும், அவ்வளவுதான். நம் அரிதும் அருமையும் ஒரே வேர் என்பது நினைவுக்கு வருகிறது.

கடைசியாக 'வான்ட்'. வேண்டும் என்ற பொருளில் மட்டுமே பள்ளியில் படித்தோம். பழைய பொருள் 'இல்லாமலிருப்பது'தான்; இல்லாததுதானே வேண்டியிருக்கும்! சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் 23ஆம் சங்கீதம் 'ஐ ஷால் நாட் வான்ட்' என்கிறது. தமிழில் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்'. எனக்கு எதுவும் வேண்டாம் என்று யாராவது மொழிபெயர்த்திருந்தால் மேய்ப்பர் பாவம். தானியேல் புத்தகத்தில் தராசில் நிறுத்துக் 'குறையக் காணப்பட்டாய்' என்று வருவது அங்கே 'ஃபவுண்ட் வான்டிங்'. சோதித்துப் பார்த்தோம், தேறவில்லை என்று சொல்ல இன்றைக்கும் அதே சொற்றொடர்தான். எங்கள் துணி சாம்பிளுக்கு ஒரு பையர் அதை எழுதி அனுப்பினார். என்னவோ வேண்டும் என்று கேட்கிறார் போல என்று நினைத்து, இன்னும் இரண்டு சாம்பிள் அனுப்பி வைத்தேன்.