பிரேக் அடியில் 8ஆம் பந்தும் வெள்ளைப் பந்தும் விழுந்தால் வென்றவர் யார்?

வணக்கம். பூல் ஆட்டத்தில், அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடியான பிரேக் அடியிலேயே 8ஆம் பந்து குழியில் விழுந்ததால் தாம் வென்றுவிட்டதாக உங்கள் நண்பரும், உடன் கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தும் விழுந்ததால் அவர் தோற்றார் என்று நீங்களும் வாதிட்டதாக எழுதியிருந்தீர்கள். உலகப் பூல் சங்கத்தின் எட்டுப் பந்து விதிகளின்படி இருவர் கூற்றும் சரியன்று.

பிரேக்கில் 8 மட்டும் விழுந்திருந்தால் அது தவறாகாது. அடித்தவர் அப்பந்தை மீண்டும் மேசையில் வைத்து ஆட்டத்தைத் தொடரலாம், அல்லது எல்லாப் பந்துகளையும் அடுக்கி மறுபடி பிரேக் அடிக்கலாம். வெள்ளைப் பந்தும் சேர்ந்து விழுந்ததால் அந்த உரிமை இப்போது உங்களுடையது: 8ஐ வைத்துவிட்டு, வெள்ளைப் பந்தைத் தலைக்கோட்டுக்கு (பிரேக் அடிக்கும் பக்கத்தில் மேசையின் குறுக்கே அமையும் கோடு) பின்னால் விரும்பிய இடத்தில் நிறுத்தி ஆடலாம், இல்லையேல் நீங்களே பிரேக் அடிக்கலாம். 8ஐ வைக்க வேண்டிய இடம், பந்துகளை அடுக்கிய முக்கோணத்தின் முனைப் பந்து நின்ற புள்ளியே. அடுக்கும்போது அது நடுவில் இருந்ததால் பலரும் அங்கேயே வைத்துவிடுகிறார்கள்.

அதே அடியில் இரண்டு கோடிட்ட பந்துகளும் விழுந்ததாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். முழுநிறம், கோடிட்டவை என்ற இரு வகைகளில் ஆளுக்கொன்று சேரும் என்றாலும், அதனால் யாருக்கும் கோடிட்ட வகை சொந்தமாகிவிடாது. பிரேக்குக்குப் பின் ஒருவர் தாம் முன்கூட்டி அறிவித்த பந்தை முறையாகக் குழியில் போடும்வரை இரு வகையும் இருவருக்கும் பொதுவே.

உங்கள் நண்பர் சொன்ன விதி கற்பனையன்று. அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷனின் லீக் ஆட்டங்களில் பிரேக்கில் 8 விழுந்தால் வெற்றிதான். ஆனால் வெள்ளைப் பந்தும் கூடவே விழுந்தால் அங்கே தோல்வி. ஆகவே அந்த விதியை அவர் முழுமையாக ஏற்றிருந்தால் ஆட்டம் உங்களுக்கே வந்திருக்கும்.